நின்று சுழன்ற முட்டை

வீட்டில் டியூஷன் எடுக்கும் என் மருமகள், கோண உந்தம் என்றொரு பாடத்துக்காக இரண்டு முட்டைகளை மேசையில் சுழற்றிவிட்டாள். அவித்தது நின்று சுழன்றது. பச்சை முட்டை தள்ளாடிப் படுத்தது. உள்ளே இருப்பது ஓட்டோடு சேர்ந்து சுற்றாதாம். எனக்கு இது படித்துத் தெரிய வேண்டிய விஷயமில்லை.

தென்காசியில் எங்கள் அம்மா, சந்தைக்குச் சேர்த்த முட்டைகளைக் காலைதோறும் தரையில் சுழற்றிப் பார்ப்பாள். அப்பா பண்பொழி முருகனுக்கு மாலை போட்டிருந்ததால் வீட்டில் யாரும் முட்டை தின்னக் கூடாது. அண்ணி ஒன்றை அவித்து, கூடைக்குள்ளேயே ஒளித்துவைத்துத் தின்கிறாள் என்று அம்மாவுக்குச் சந்தேகம்.

ஒருநாள் ஒரு முட்டை நின்று சுழன்றது.

“ஏட்டி, ஆப்புட்டியா? ஒங்க அம்மை வீட்டுக்கு நடையைக் கட்டு!”

“சத்தியமா நான் இல்ல, அத்தே,” என்று அண்ணி அழுதாள்.

அம்மா முட்டையைக் கையில் எடுத்தாள். ஓட்டில் விரல் தடமாகத் திருநீறு அப்பியிருந்தது. மெதுவாக அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

“வெயிலு கூடுதுல்லா, ஏட்டி,” என்றார் அப்பா. “தானா வெந்திருக்கும்.”

இப்போது நானும் மாமியார்தான். அடுக்களையில் எது குறைந்தாலும் மருமகளைக் கேட்பதில்லை. முதலில் என் வீட்டுக்காரர் விரல்களைத்தான் பார்க்கிறேன்.