அழாத பிள்ளை

என் பாஸ்போர்ட்டில் பிறந்த இடம் என்ற கட்டத்தில் ஒரு தீவின் பெயர் இருக்கிறது. அதைப் படிக்கிற அதிகாரிகள் எல்லாரும் ஒருமுறை நிமிர்ந்து என் முகத்தைப் பார்ப்பார்கள். பாளையங்கோட்டைக்காரிக்கும் கரீபியன் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும்போல. அப்பா அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் நாலு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தார். நான் அங்கே பிறந்தேன். இரண்டரை வயதில் என்னை ஊருக்குத் தூக்கி வந்துவிட்டார்கள். ஒரு ஞாபகமும் கிடையாது.

எனக்கு ஓர் அண்ணன் இருந்தான். கைக்குழந்தையாக இங்கிருந்து போனவன். நாலு வயதில் காய்ச்சலில் இறந்து அந்தத் தீவிலேயே அடக்கமானான். எங்கள் வீட்டில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் அவன் போட்டோ உண்டு. அரைக்கால் சட்டை, கையில் ஒரு நண்டு ஓடு. சின்ன வயதில் ஒருதரம், "அண்ணன் எப்படிம்மா செத்தான்?" என்று கேட்டேன். அம்மா "காய்ச்சல்" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

அப்பா தவறி இரண்டு வருஷமாகிறது. போன வருஷம் என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும், எல்லாருமாக எங்காவது போய்வரலாம் என்று என் கணவர் பேச்செடுத்தார். மகள் ஏதேதோ ஊர் சொன்னாள். வாய் திறந்து எதுவும் கேட்டறியாத அம்மா, கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்:

"அவன் கெடக்க எடத்த ஒருதரம் பாத்துட்டு வந்துருவமா?"

என் கணவர் யோசிக்கவே இல்லை. "போவோம் அத்தை," என்றார்.

திருவனந்தபுரத்திலிருந்து மூன்று விமானம் மாறிப் போனோம். எழுபத்துமூன்று வயதில் அம்மா ஒரு இடத்திலும் காலை நீட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. உண்மையைச் சொல்கிறேன், நான் அதை என் பயணம் என்றே நினைத்திருந்தேன். என் பிறந்த ஊரை மகளுக்குக் காட்டப்போகிறேன் என்று.

முதல் நாள் நான் பிறந்த ஆஸ்பத்திரிக்குப் போனோம். மஞ்சள் சுண்ணாம்பு அடித்த சின்னக் கட்டடம். படியில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன். அம்மா கட்டடத்தைப் பார்க்கவில்லை. முதுகைத் திருப்பிக்கொண்டு, நாங்கள் வந்த பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இவ்வளவு ஒசரமா அப்பல்லாம் கெடையாது," என்றாள். பழைய கட்டடங்களைப் பற்றி வயதானவர்கள் சொல்கிற மாதிரி ஏதோ சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில், அண்ணனை அடக்கம் செய்திருந்த மாதா கோயிலுக்குப் போனோம். கடலைப் பார்த்த மேட்டில் கல்லால் கட்டிய சின்னக் கோயில். அம்மா யாரையும் வழி கேட்காமல் பக்கவாட்டில் நடந்து கல்லறைகளைத் தாண்டிப் பின்பக்கம் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். ஓரிடத்தில் தகர வேலி போட்டிருந்தது. வேலிக்கு அப்பால் தரை இல்லை. செம்மண் அறுந்து நிற்க, கீழே கடல் அடித்துக்கொண்டிருந்தது.

கோயிலைப் பார்த்துக்கொள்கிற அம்மாள் ஒருத்தி துடைப்பத்தோடு வந்தாள். நம் ஊரில் கோயில்பிள்ளை என்று சொல்வோமே, அந்த வேலை. நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் துடைப்பத்தைக் கீழே வைத்தாள். சில வருஷத்துக்கு முன்னால் பெரும் புயல் ஒன்றில் மேட்டின் அந்தப் பக்கம் சரிந்து, பிள்ளைகளின் கல்லறை மூன்று வரிசையும் போய்விட்டதாம். முடிந்தவரை தேடினார்களாம். "மன்னித்துவிடுங்கள் அம்மா," என்றாள், தானே செய்துவிட்டதுபோல.

உள்ளே அழைத்துப்போய்ப் பழைய பதிவேட்டைக் காட்டினாள். அண்ணன் பெயர் இருந்தது. வயது நாலு. ஆசிரியரின் மகன். அப்பாவின் பெயரில் ஒரு எழுத்து தப்பு. அம்மா அந்த எழுத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு தன் துணிப்பையைத் திறந்து, துண்டில் சுற்றிய ஒன்றை எடுத்தாள். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புக் கல். அண்ணன் பெயர் தமிழில் வெட்டியிருந்தது. பேட்டையில் ஒரு கல்பட்டறையில் எங்களுக்குத் தெரியாமல் சொல்லிச் செய்திருக்கிறாள்.

அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோயில் சுவரில் பதித்துத் தருவதாகச் சொன்னாள். நான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"அவன் இல்லாத எடத்துல பேரு எதுக்கு?"

அன்றிலிருந்து அம்மா எங்களோடு எங்கும் வரவில்லை. காலையில் எழுந்ததும் அந்த மேட்டுக்கு அடியில் உள்ள கரைக்குப் போய், பாசி பிடித்த ஒரு பாறைமேல் உட்கார்ந்துவிடுவாள். நாங்கள் படகில் போனோம், மகள் நீந்தினாள், ஆனால் யாருக்கும் மனசு ஒட்டவில்லை. நான்காம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. கரைக்குப் போய் அம்மா எதிரில் நின்று கத்தினேன்.

"எத்தன வருசம் ஆச்சு! நான் ஒருத்தி உசுரோட இருக்கேன், என் பிள்ள இருக்கா. ஒரு நாளாவது எங்கள ஏறெடுத்துப் பாத்தியாம்மா?"

அம்மா கோபப்படவில்லை. "இங்கன உக்காருட்டி," என்றாள்.

உட்கார்ந்தேன். கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ரெண்டு பேருக்கும் காய்ச்சல். மூணு நாளா மழ. பாலத்துக்கு மேல தண்ணி போவுது. அக்கரையில ஆஸ்பத்திரி ஜீப்பு நிக்கி, இக்கரைக்கு வர முடியல. ஒங்க அப்பா கயித்தப் புடிச்சிக்கிட்டுத்தான் போவணும். ஒரு பிள்ளையத்தான் தூக்க முடியும். ஒரு பிள்ளைய விட்டுட்டு வந்து அடுத்த பிள்ளையத் தூக்கிட்டுப் போவுதேன்னாரு. நீ விடாம அழுத. வீறிட்டு அழுத. அவன் அழல. கண்ண மூடிப் படுத்திருந்தான். சரி, காய்ச்சல் எறங்கித் தூங்குதான்னு நெனச்சேன்."

பாறையிலிருந்த பாசியை நகத்தால் சுரண்டினாள்.

"அழுத பிள்ளையத் தூக்கிக் குடுத்தேன். அதுக்கப்புறம் தண்ணி ஏறிட்டு. அவரால திரும்பி வர முடியல. மறுநாள் மத்தியானந்தான் வந்தாரு. காலையிலயே போயிட்டான்."

அலை வந்து என் செருப்பை நனைத்தது. காலை இழுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

"அவரு சாவுத வரைக்கும், 'நான் பிந்திட்டேன், நான் பிந்திட்டேன்'னுதான் சொல்லிக்கிட்டு இருந்தாரு. ஆஸ்பத்திரியில கடைசி நாளும் அதத்தான் சொன்னாரு. நீங்க பிந்தல, நாந்தான் மாத்திக் குடுத்தேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். வாய் வரல. பழி அவருகிட்டயே இருக்கட்டும்னு விட்டுட்டேன், பாத்துக்கோ."

"யாரா இருந்தாலும் அப்படித்தாம்மா செஞ்சிருப்பாங்க," என்றேன். "நானும் அப்படித்தான் செஞ்சிருப்பேன்."

அம்மா முதல்முறையாக என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ வேற என்னட்டி சொல்லுவ? தூக்கிக் குடுத்தது ஒன்னையில்லா."

என் உடம்பைப் பார்த்துக்கொண்டேன். கை, கால், முழங்காலுக்குக் கீழே பழைய தழும்பு. அந்தப் போட்டோவில் நண்டு ஓட்டோடு நிற்கிறவனை நினைத்தேன். நான் கொஞ்சம் குறைவாக அழுதிருந்தால் என்று நினைத்தேன். இரண்டு வயதுப் பிள்ளை எவ்வளவு அழ வேண்டும் என்று எப்படித் தெரிந்திருக்கும்? ஆனாலும் நினைத்தேன். இப்போதும் நினைக்கிறேன்.

கடைசி நாள் காலையில் அம்மா கல்லை எடுத்துக்கொண்டு என்னை மட்டும் கூப்பிட்டாள். சேலையை முழங்காலுக்குமேல் செருகிக்கொண்டு என் தோளைப் பிடித்தபடி தண்ணீரில் இறங்கினாள். இடுப்பளவு வந்ததும் நின்றாள். கல்லை முத்தமிட்டாள். போடவில்லை, குனிந்து கையோடு தண்ணீருக்குள் கொண்டுபோய்ப் பைய விட்டாள். கை காலியான பிறகும் அப்படியே குனிந்து நின்றாள். ஓர் அலை அவளை முகத்தில் அடித்தது. அப்போதுதான் நான் அவளைச் சேர்த்துப் பிடித்தேன். எனக்கு நினைவு தெரிந்து அம்மாவை நான் கட்டிப்பிடித்தது அன்றைக்குத்தான். மெலிந்த உடம்பு. உப்புத் தண்ணீரில் இரண்டு பேரும் வாய்விட்டு அழுதோம்.

ஊர் திரும்பிய பிறகு பார்த்தவர்கள் எல்லாரும் தீவு எப்படி இருந்தது என்று கேட்டார்கள். நல்லா இருந்தது, கடல் பச்சையாக இருக்கும் என்று சொன்னேன். கல்லூரியில் வகுப்பு எடுத்தேன். சமைத்தேன். மகள் அறையில் சத்தம் இல்லாமல் இருந்தால் என்னையறியாமல் எழுந்துபோய் எட்டிப் பார்க்கிற பழக்கம் வந்திருக்கிறது. "என்னம்மா?" என்பாள். ஒன்றுமில்லை என்று திரும்பிவிடுவேன்.

அம்மா பழையபடி கீரை ஆய்கிறாள், பூசைக்குப் போகிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், அப்பா கல்லறைக்கு அழைத்துப்போகச் சொன்னாள். கேட்டருகே என்னை நிறுத்திவிட்டுத் தனியாகப் போனாள். கல்லறை விளிம்பில் உட்கார்ந்து பேசுவது தெரிந்தது. என்ன பேசினாள் என்பது காதில் விழவில்லை. ஒரு கட்டத்தில் இரண்டு கையையும் முன்னால் நீட்டினாள், ஒரு பிள்ளையை எடுத்துக் கொடுக்கிற மாதிரி. பிறகு கைகளை மடியில் போட்டுக்கொண்டாள்.

அரைமணி நேரம் கழித்து வந்தாள். ஆட்டோவில் வரும்போது, "சொல்லிட்டேன்," என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வண்டி மார்க்கெட்டைத் தாண்டியது. அப்புறம் வெளியே பார்த்தபடியே சொன்னாள்:

"கேட்டாரான்னு தெரியல."