பெரியப்பா வாங்கித் தந்த வாய்தா

குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியில் எனக்கு ஓர் எண்ணெய்க் கடை இருந்தது. நல்லெண்ணெய், சீயக்காய், துண்டு. சாரல் விழுகிற மூன்று மாதம்தான் வியாபாரம். மற்ற ஒன்பது மாதம் அந்த மூன்று மாதத்தைப் பற்றிய பேச்சு. வீடு தென்காசியில். இப்படிப்பட்ட ஆளுக்கும் வருமான வரி நோட்டீஸ் வரும் என்பது யுத்த காலத்தில்தான் தெரிந்தது. கூடவே ஒரு பாரம். முப்பது நாளைக்குள் பூர்த்தி செய்து கணக்கோடு கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால், இவன் சம்பாத்தியம் இவ்வளவு இருக்கும் என்று ஆபீசரே ஒரு தொகையை நினைத்துக்கொண்டு வரி போட்டுவிடுவார்.

வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே கணக்கை எடுத்திருப்பார்கள். நானோ நோட்டீஸை மடித்துச் சுவாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, இனி அவர் பாடு என்று இருந்துவிட்டேன். கணக்கு என்று ஒன்று இருந்தால்தானே எடுப்பதற்கு? போன வருஷத்து வரவு செலவு முழுவதும் துண்டுக் காகிதங்களாக ஒரு சீயக்காய் டின்னுக்குள் கிடந்தது. மூடியைத் திறந்தாலே தும்மல் வரும்.

இருபத்தெட்டாம் நாள் வாய்தா கேட்கப் போனேன். ஆபீசர் குற்றாலத்துப் பங்களாவில் கேம்ப். சாரல் காலத்தில் எந்த இலாகாவுக்கும் எங்கள் பக்கத்தில் அவசர ஜோலி வந்துவிடும். விண்ணப்பத்தை நானே எழுதினேன்: "கொல்லத்தில் இருந்த என் பெரியப்பா சிவபதவி அடைந்தபடியாலும், பதினாறு நாள் தீட்டில் கணக்குப் புத்தகத்தைத் தொடுவது எங்கள் வழக்கத்தில் இல்லாதபடியாலும், தயவுசெய்து வாய்தா தரவேண்டியது." இதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. பெரியப்பா சிவபதவி அடைந்தவர்தான். அடைந்து ஆறு வருஷம் ஆயிற்று என்பதை மட்டும், காகிதத்தில் இடம் போதாமல், விட்டுவிட்டேன்.

"பதினேழாம் நாள் சாயங்காலம் அஞ்சு மணி. அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது" என்று ஆபீசர் கையெழுத்துப் போட்டார். நான் வெளியே வந்து நாலு வடை தின்றேன்.

ஆபீசருடைய குமாஸ்தா எங்கள் எதிர்வீட்டில் குடியிருந்தார் என்பது வடை தின்னும்போது ஞாபகம் வரவில்லை. அன்று சாயங்காலமே இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு இழவு விசாரிக்க, எங்கள் பக்கத்துப் பேச்சில் துட்டி கேட்க, வந்துவிட்டார். கையைத் தொட்டுக் கொடுத்தேன்.

"பெரியப்பாவுக்கு என்ன வயசு அண்ணாச்சி?"

"எம்பது."

செத்தபோது எழுபத்துநாலு. ஆறைக் கூட்டிச் சொன்னேன். எனக்குக் கணக்கு வராது என்று எவன் சொன்னது?

அவர் போனதும் என் மனைவி உள்ளேயிருந்து வந்தாள். "யாருக்குத் துட்டி கேட்டுட்டுப் போறாவ?"

"கொல்லத்துப் பெரியப்பாவுக்கு."

"அவிய இன்னொரு தடவையும் செத்துட்டாவளா?"

முழுக் கதையையும் சொன்னேன். "கெட்டிக்காரருதான். மூஞ்சிய இப்படியே பதினாறு நாளும் வச்சுக்கிடுங்க, பொருத்தமா இருக்கு" என்றாள்.

மறுநாள் மேலகரத்திலிருந்து துண்டு வியாபாரி வந்தார். சுரண்டையிலிருந்து எள் வியாபாரி பஸ் ஏறி வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு அவுகளத் தெரியாது. ஆனா உம்மளத் தெரியும்லா" என்றார். இந்த மனிதரிடம் எள்ளு விலையில் சண்டை போட்டிருக்கிறேனே என்று எனக்கே அழுகை வந்தது. கடையைத் திறக்க முடியுமா? துட்டி வீட்டுக்காரன் எண்ணெய் அளந்துகொண்டிருந்தால் ஊர் சிரிக்காதா? அருவி கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது, ஜனம் குவிகிறது, எண்ணெய்க் கடைக்காரன் தலையில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல், தாடியோடு வீட்டில் பாயில் உட்கார்ந்திருக்கிறான்.

சரி, கணக்கையாவது எழுதலாம் என்று நாலாம் நாள் டின்னைத் திறந்தேன். தும்மினேன். தும்மல் கேட்டு குமாஸ்தா ஓடிவந்தார்.

"அண்ணாச்சி! என்ன காரியம் செய்யுதிய? தீட்டுல கணக்கத் தொடலாமா?"

"கை பழக்கம்..."

"அதான் சொல்லுதேன். பழக்கத்துல கை போயிரும். எங்க வீட்டுல இருக்கட்டும். பதினாறு கழிஞ்சதும் வாங்கிக்கிடுங்க." டின்னையும் புதுப் பேரேட்டையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நல்ல மனிதர். தினமும் ஆபீஸ் விட்டதும் வந்து எனக்கு ஆறுதல் சொல்வார்.

இப்படியாக, நான் வாங்கின வாய்தாவில் எனக்கு மிஞ்சியது கடைசி ஒரு நாள். பதினேழாம் நாள் விடிந்ததும் சவரம் செய்துகொண்டு டின்னை வாங்கி வந்தேன். மனைவி காகிதத்தை எடுத்து எடுத்து வாசிக்க, நான் எழுத, இரண்டு பேரும் முறை வைத்துத் தும்மினோம். மூன்று மணிக்கு ஒரு வருஷத்தைக் கட்டி முடித்தேன். பஸ்ஸைப் பிடித்துப் பங்களாவில் நுழைந்தபோது ஐந்துக்குக் கால்மணி இருந்தது.

ஆபீசர் பாரத்தைப் பார்த்தார். பேரேட்டைப் புரட்டினார். பக்கத்தில் குமாஸ்தா.

"பெரியப்பா காரியமெல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது ஐயா."

ஒரு பக்கத்தில் அவர் விரல் நின்றது. "தை மாசம். கொல்லம் பெரியப்பா திதிச் செலவு, பதினோரு ரூவா." நிமிர்ந்தார். "உயிரோட இருந்தவருக்கா வே திதி குடுத்தீரு?"

என் மனைவியும் வாசித்திருக்கிறாள், நானும் எழுதியிருக்கிறேன். இருவருக்கும் உறைக்கவில்லை. அவர் நினைத்தால் அந்த வாய்தாவே செல்லாது என்று பாரத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, இஷ்டத்துக்கு வரி போடலாம்.

"ஐயா, அவரு செத்தது நெசம்."

"எப்பம்?"

"ஆறு வருசம் ஆச்சு."

குமாஸ்தா என்னைப் பார்த்தார். "தெனம் வந்து ஆறுதல் சொன்னேனே அண்ணாச்சி" என்றார் மெதுவாக. வரியை விட அதுதான் சுட்டது.

ஆபீசர் பேரேட்டைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்று பிறகுதான் புரிந்தது. "சாரல் நேரம், கடையில கூட்டம், எழுத முடியலைன்னு ஒரு வரி போட்டிருந்தா ஒரு மாசம் குடுத்திருப்பேனே வே. கேட்டவுகளுக்கெல்லாம் குடுத்துக்கிட்டுதான் இருக்கேன்." சிவப்பு மையைத் தொட்டுப் பதினோரு ரூபாயை அடித்தார். "இது வியாபாரச் செலவு இல்லை." பாரத்தில் அன்றைய தேதி முத்திரையைக் குத்தினார்.

அடுத்த வருஷம் பாரத்தைப் பத்தாம் நாளே கொண்டுபோய்க் கொடுத்தேன். எழுத அதிகம் இல்லை. நல்ல சாரலில் பதினேழு நாள் கடை பூட்டிக் கிடந்த வருஷத்துக் கணக்கு அது. குமாஸ்தா வாங்கி வைத்துக்கொண்டு, தலையை நிமிர்த்தாமலே கேட்டார்:

"வீட்டுல எல்லாரும் இருக்காவள்லா அண்ணாச்சி?"