கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு, ஒரு மதியத் தூக்கத்துக்காக

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். பயணக் கட்டுரை எழுதும் அளவுக்கு நான் எங்கும் போகவில்லை. நான் போனது பதினைந்து கிலோமீட்டருக்கும் குறைவான தூரம், அதுவும் ஒரே வழியில் திரும்பத் திரும்ப. எங்கள் வீட்டில் காலேஜ் வரை போன முதல் ஆள் நான்தான். எழுதுவது என்றால் தாலுகா ஆபீசுக்கு மனு எழுதுவது என்றுதான் இன்றும் எங்கள் அப்பா நினைக்கிறார். இருந்தாலும், கைக்குழந்தையோடு சில மாதம் கொழும்பில் தங்கப் போகிறவர்கள் யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன். பிழை பார்த்து வலைப்பூவில் ஏற்றுவது என் கணவர் வேலை. அதனால் எழுத்துப்பிழை இருந்தால் அவரைத் திட்டுங்கள்.

பேலியகொடையில் ஒரு கிடங்குக்கு மென்பொருள் பொருத்தும் வேலைக்காக ஒன்பது மாதத்துக்கு அவரை இங்கே அனுப்பினார்கள். நானும் எங்கள் மகன் கவினும் கூடவே வந்தோம். கவினுக்கு அப்போது பத்து மாதம். மதுரையிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. சங்கரன்கோவிலிலிருந்து மதுரைக்கு வந்ததுதான் நீண்ட பயணம்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் ஓசூரில் வேலை பார்த்தார், நான் சங்கரன்கோவிலில் மாமியார் வீட்டில் இருந்தேன். மாதம் ஒருமுறை சனிக்கிழமை காலையில் வருவார், ஞாயிறு சாயங்காலம் பஸ் ஏறுவார். கவின் அவரைப் பார்த்துப் பயந்து அழுத மாதங்கள் உண்டு. நாங்கள் மூன்று பேரும் ஒரே வீட்டில் தொடர்ந்து இருந்தது கொழும்பில்தான் முதல்தடவை.

முதல் ஐந்து மாதம் வெள்ளவத்தையில் இருந்தோம். காலி வீதியிலிருந்து கடலைப் பார்த்து இறங்கும் ஒரு ஒழுங்கையின், அதாவது சந்தின், கடைசிக் கட்டடம், இரண்டாம் மாடி. முன்னால் மரைன் டிரைவ், அதற்கு அப்பால் தண்டவாளம், அதற்கு அப்பால் கடல். வாடகைக்குப் பார்க்கப் போனபோது நல்ல காற்று என்று சொன்னார்கள். ரயிலைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. முதல் வாரம் ரயில் வரும்போதெல்லாம் கவின் திடுக்கிட்டு எழுந்து அலறுவான். சமையலை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பக்கத்தில் படுத்து அவன் காதைப் பொத்துவேன். ஒரு மாதத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. ஜன்னல் கம்பி அதிரும், எவர்சில்வர் தம்ளர் நடுங்கும், அவன் பாட்டுக்குத் தூங்குவான்.

வெள்ளவத்தை தமிழ் ஊருக்குப் பழக்கப்பட்டவர்களைப் பயமுறுத்தாது. கருவேப்பிலை, நல்லெண்ணெய், இடியப்பம் எல்லாம் நடந்து போகும் தூரத்தில் கிடைக்கும். நான் அதிகம் பேசமாட்டேன். கடையில் பொருளைக் காட்டி வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். "தங்கச்சி இந்தியாவோ? கதைக்கவே மாட்டீங்க போல" என்று காய்கறிக்கடைக்காரர் ஒருநாள் சொன்னார். அதற்கும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஐந்தாவது மாதக் கடைசியில் வீட்டுச் சொந்தக்காரரின் மகள் குடும்பம் கனடாவிலிருந்து விடுமுறைக்கு வருவதாகச் சொல்லி வீட்டைக் கேட்டார்கள். வெள்ளவத்தையில் இது சாதாரணம், முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மீதி நான்கு மாதத்துக்கு வீடு தர ஆள் இல்லை. எல்லோரும் ஒரு வருடம் கேட்டார்கள். கடைசியில் கணவருடன் வேலை பார்ப்பவர் ஒருவர் மூலமாகக் கொட்டாஞ்சேனையில் ஒரு மேல்மாடி கிடைத்தது. பழைய வீடு, பலகைத் தளம், மரப்படி. ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்துக் கிரேன்கள் தெரியும். கீழே வீட்டுக்காரர்களான ரீட்டா அக்காவும் சேவியர் அண்ணனும். அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார், அப்போது அவருக்கு இரவு வேலை.

போன முதல் நாள் மதியமே கவின் தூங்கவில்லை. இரண்டாம் நாளும் தூங்கவில்லை. பன்னிரண்டரைக்குக் கண்ணைக் கசக்க ஆரம்பிப்பான், படுக்க வைத்தால் வில்லாக வளைந்து குதிகாலால் பலகையை உதைத்து இரண்டு மணி வரை அழுவான். தொட்டில், பாட்டு, ஃபேன், போனில் மழைச் சத்தம், ஒன்றும் எடுபடவில்லை. அந்தப் பலகைக்கு நேர் கீழேதான் சேவியர் அண்ணன் படுத்திருப்பார்.

ஒரு வாரம் கழித்து ரீட்டா அக்கா மேலே வந்தார். கையில் ஒரு தட்டில் கேக் இருந்தது. அதனாலேயே எனக்குப் பயமாகிவிட்டது.

"தங்கச்சி, கோவிச்சுக்கொள்ளாதீங்க. பிள்ளை எண்டா அழும்தான். ஆனா அண்ணனுக்குப் பகல்தான் இரவு. நித்திரையில்லாம போய் அந்த உயரத்துல ஏறுறார். அங்க கண் சொருகினா கீழ நிக்கிற மனுசர் தலையிலதான் விழும்."

"சரிக்கா" என்றேன். கேக் தட்டை வாங்கிக்கொண்டேன்.

"இந்த மாசம் முடியிறதுக்குள்ள ஏதாவது செய்வோம். இல்லாட்டி நீங்க வேற இடம் பாக்க வேண்டி வரும். எனக்கும் மனசு கேக்குதில்ல."

வேற இடம் இல்லை என்பது எனக்குத் தெரியும். அன்று சாயங்காலம் போனில் விஷயத்தைக் கேட்ட மாமியார், "புள்ளையக் கூட்டிட்டு நீ ஊருக்கு வந்துரும்மா. அவன் ஏதாவது ரூமில தங்கிக்கிடுவான்" என்றார். அவர் தப்பாகச் சொல்லவில்லை. கணவர் மதுரைக்கு டிக்கெட் விலை பார்த்துக்கொண்டிருந்தார். கவின் அவர் மடியில் ஏறி உட்கார்ந்து அவருடைய கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

"அவனுக்கு ரயில் சத்தம் இல்லாம தூக்கம் வரல. அங்க பழகிட்டான்ல?" என்றார் அவர். அப்படித்தான் எங்கள் பயணம் ஆரம்பித்தது.

அடுத்த நாள் பன்னிரண்டு மணிக்குச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மரப்படியில் பூனை மாதிரி இறங்கினேன். கொட்டாஞ்சேனையிலிருந்து புறக்கோட்டைக்கு பஸ்ஸில் சுமார் மூன்று கிலோமீட்டர், நெரிசல் இல்லாவிட்டால் இருபது நிமிடம், கட்டணம் நாற்பது ரூபாய்க்குள். குழந்தையைத் தூக்கி வந்தால் நடத்துநரே முன் சீட்டில் யாரையாவது எழுப்பிவிடுவார். ஆட்டோவில் போனால் மீட்டர் போடும் ஆட்டோவாகப் பாருங்கள், எனக்கு முந்நூற்றைம்பது ரூபாய் ஆனது. அங்கிருந்து கோட்டை ரயில் நிலையத்துக்கு நடந்துவிடலாம். வெள்ளவத்தைக்கு மூன்றாம் வகுப்பு நாற்பது ரூபாய். குழந்தைக்குச் சீட்டு கேட்கவில்லை. இருபத்தைந்து நிமிடம். தெற்கே போகும்போது வலது பக்கம் உட்காருங்கள், கொள்ளுப்பிட்டி தாண்டியதும் அலை ஜன்னலுக்குள் தெறிக்கும் தூரத்தில் கடல்.

பம்பலப்பிட்டி வருவதற்குள் கவின் தூங்கிவிட்டான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அங்கே அழுதால் யாராவது பேச்சுக் கொடுப்பார்களே என்று கடலைப் பார்த்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு சனி ஞாயிறு தவிர தினமும் போனேன். வெள்ளவத்தையில் இறங்காமல் சில நாள் தெஹிவளை, சில நாள் கல்கிசை வரை போய், அடுத்த ரயிலில் திரும்புவேன். சிக்கல் ஒன்றுதான். ரயிலை விட்டு இறங்கினால் விழித்துவிடுவான். பகலில் சில நேரம் ஒரு மணி நேரத்துக்கு ஒரு ரயில்தான், பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை காட்ட வேண்டும். மழை பெய்த இரண்டு நாள் போக முடியவில்லை. அந்த இரண்டு நாளும் கீழே கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மாதம் முடிய ஒரு வாரம்தான் இருந்தது.

பௌர்ணமி நாள் இங்கே போயா என்று அரசு விடுமுறை. "இன்னைக்கு நான் கூட்டிட்டுப் போறேன், நீ படு" என்று கணவர் கவினைத் தூக்கிக்கொண்டு போனார். நான்கு மணிக்குத் திரும்பினார்கள். அவர் முகம் வாடியிருந்தது. கவின் முகத்தில் பிஸ்கட் அப்பியிருந்தது.

"போக ஒரு ரயில், வர ஒரு ரயில். ஒரு கண் மூடலை உன் புள்ள. ஜன்னல் வழியா எல்லாருக்கும் டாட்டா காட்டிட்டு வர்றான்."

"ரயில் சத்தம் கேட்டுச்சுல்ல?"

"எனக்கே காது அடைச்சுப்போச்சு."

அதுவும் கைவிட்டுப்போச்சு என்று நினைத்தேன். இருந்தாலும் மறுநாள் போனேன். வழக்கம்போல என் தோளில் சாய்ந்து தூங்கினான். கொள்ளுப்பிட்டி தாண்டும்போது போன் அடித்தது. எடுப்பதற்காகப் பைக்குள் கையை விட்டேன். உடனே கவின் கண்ணைத் திறந்து உதட்டைப் பிதுக்கினான். எதிர் சீட்டில் மடியில் கீரைக்கட்டோடு ஒரு சிங்கள அம்மா உட்கார்ந்திருந்தார். அவர் எட்டி என் கையைப் பிடித்து, பையிலிருந்து வெளியே எடுத்து, கவினின் காதின்மேல் திரும்ப வைத்தார். என்னமோ சொன்னார். "பபா" என்ற சொல் மட்டும், நம் பாப்பா மாதிரி இருந்ததால், புரிந்தது. கவின் கண் மூடினான்.

என் கையை நான் அப்போதுதான் பார்த்தேன். வெள்ளவத்தையில் ரயிலுக்காகப் பொத்த ஆரம்பித்த கை. அவன் பழகிய பிறகும் நான் நிறுத்தவே இல்லை போலிருக்கிறது. ரயில் வரும் நேரமெல்லாம் அது தானாகப் போய் உட்கார்ந்திருக்கிறது. கொட்டாஞ்சேனையில் ரயில் இல்லை, பொத்தவும் இல்லை. கணவர் அவனைக் கடல் பார்க்க ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார், அவரும் பொத்தவில்லை. சந்தேகத்துக்கு இன்னொரு தடவை கையை எடுத்துப் பார்த்தேன். கண் திறந்தது. அந்த அம்மா "ச்ச்" என்று என்னை அதட்டினார். வைத்துவிட்டேன்.

மறுநாள் பயணம் இல்லை. பன்னிரண்டரைக்குப் பாயில் பக்கத்தில் படுத்து உள்ளங்கையை அவன் காதில் வைத்தேன். ஒரு உதை உதைத்தான். அப்புறம் மூச்சு நீளமானது. எனக்குத் தோள் மரத்துப்போய்விட்டது, ஆனால் அசையவில்லை. ஒன்றரை மணி இருக்கும், மரப்படி கிறீச்சிட்டது. ரீட்டா அக்கா கதவிடுக்கில் தலையை நீட்டி ரகசியமாகக் கேட்டார்:

"என்ன தங்கச்சி, சத்தத்தையே காணோம்? பிள்ளைக்குச் சுகமில்லையா?"

நான் சுட்டிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சிலுவை போட்டுக்கொண்டு, வந்ததைவிட மெதுவாக இறங்கினார்.

ஒரு வாரம் கழித்துத்தான் சேவியர் அண்ணன் என்னிடம் முதல்முறையாகப் பேசினார். வாசலில் பால் விடாத பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன தங்கச்சி, ரயில்வே வேலைய விட்டுட்டீங்களா?"

"உங்க தூக்கம் கெடக்கூடாதுன்னுதான் போனேன் அண்ணா" என்றேன். இங்கே வந்து நான் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

"அது சரி. பிள்ளை அழுதா நான் தலகாணிய காதுல வச்சுப் படுத்திருவன். நீங்க பூனை மாதிரி இறங்குவீங்களே, ஒவ்வொரு படியா கிறீச், கிறீச் எண்டு, எப்ப முடியும் எப்ப முடியும் எண்டு பாத்துக்கொண்டே இருப்பன். அதுக்குப் பிறகு எங்க நித்திரை!"

உள்ளேயிருந்து ரீட்டா அக்கா, "வாய மூடுங்க! பாவம் அந்தப் பிள்ளை" என்றார். நான் சிரித்தேன், சத்தமாகவே.

வேறு இடம் பார்ப்பதைப் பற்றி அதன்பிறகு யாரும் பேசவில்லை. மதுரை டிக்கெட்டும் எடுக்கவில்லை. வாரக்கணக்காக நெஞ்சில் இருந்த கல்லை யாரோ எடுத்து ஓரமாக வைத்த மாதிரி இருக்கிறது. சனிக்கிழமைகளில் இப்போதும் அந்த ரயிலில் போகிறோம், மூன்று பேருமாக, தூக்கத்துக்காக இல்லை. அந்த அம்மாவை மறுபடி பார்க்கவில்லை.

வரப்போகிறவர்களுக்குச் சில விஷயம். வீடு பார்க்க மதியத்தில் போங்கள், குழந்தை தூங்கும் நேரத்தில் அந்த வீட்டில் என்ன சத்தம் கேட்கிறது, கீழே யார் தூங்குகிறார் என்று தெரிந்துவிடும். ரயிலில் நாலரைக்கு மேல் குழந்தையோடு ஏறாதீர்கள், நிற்கவே இடம் இருக்காது. இடம் மாறினால் குழந்தை எதைத் தேடுகிறது என்று வெளியே தேடுவதற்கு முன், பழைய வீட்டில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். கூச்சப்படுகிறவர்கள் கேக் தட்டோடு யாராவது படியேறி வந்தால் "சரிக்கா" என்பதோடு நிறுத்தாமல் இன்னும் நாலு வார்த்தை பேசுங்கள். எனக்கு எத்தனையோ பஸ் கட்டணம் மிச்சமாகியிருக்கும்.

கடைசியாக ஒன்று. இது வாசகர்களுக்கு இல்லை, பிழை பார்க்கிறவருக்கு.

அடுத்த மாதக் கடைசியில் ஊர் திரும்புகிறோம். என்னையும் கவினையும் சங்கரன்கோவிலில் விட்டுவிட்டு நீங்கள் ஓசூர் போவதாக ஏற்பாடு. எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள், நானும் தலையாட்டியிருக்கிறேன். எனக்கு அதில் சம்மதம் இல்லை. எங்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரே அறை போதும். பக்கத்தில் லாரி ஓடினாலும் ஃபாக்டரி ஓடினாலும் அவனை நான் தூங்க வைத்துவிடுவேன். நேரில் கேட்டால் பாதியில் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன், அதனால்தான் இங்கே எழுதுகிறேன். நீங்களும் நேரில் பதில் சொல்ல வேண்டாம். இந்தப் பத்தியை வெட்டாமல் வெளியிட்டால், சரி என்று எடுத்துக்கொள்கிறேன்.