மாரியாத்தாவுக்கு நேர்ந்த அம்பாசிடர்

பசை ட்யூபின் மூக்கு அடைத்துக்கொண்டால், ஓட்டை தெரிகிறதா என்று கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டே அமுக்கக் கூடாது. இதை நான் கற்றுக்கொண்டது ஐம்பத்து மூன்றாவது வயதில். பத்தாம் வகுப்பில் தோற்றவன்தான் நான். ஆனாலும் இது பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்து தெரிய வேண்டிய விஷயம் இல்லை.

அப்போது நான் ஒரு அம்பாசிடர் கார் செய்துகொண்டிருந்தேன். நிஜக் காரில் பத்து அங்குலம் இருக்கிற இடம் என் காரில் ஒரு அங்குலம். மொத்த நீளம் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. எனக்கு வேலை சிவகாசியில் ஓர் அச்சகத்தில். பட்டாசுப் பெட்டிக்கு அட்டையை வெட்டி, மடிக்கிற இடத்தில் தடம் போடுகிற மிஷின் என்னுடையது. வீடு விருதுநகரில். கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறவன். தீபாவளி முடிந்து ஆர்டர் குறைகிற நாட்களில் கை சும்மா இருக்காது. வெட்டியது போக மிஞ்சுகிற அட்டையைக் கேட்டு வாங்கி வந்து வண்டி செய்ய ஆரம்பித்தேன்.

முதலில் செய்தது ஜீப். முப்பது வருஷம் பெட்டியே வெட்டிய கை அல்லவா, அதற்கு வேறு என்ன வரும்? பட்டாசுப் பெட்டிக்கு நாலு சக்கரம் வைத்த மாதிரி வந்தது. என் வீட்டுக்காரி அதைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“இதுல எத்தனை சரம் இருக்கு?”

அந்த ரோஷத்தில்தான் அம்பாசிடரில் கை வைத்தேன். அந்தக் காரில் தேடினாலும் ஒரு நேர்கோடு கிடைக்காது. எங்கே தொட்டாலும் வளைவு. எங்கள் முதலாளி வீட்டுப் பழைய வெள்ளைக் கார் ஒன்று கம்பெனி ஷெட்டில் கிடந்தது. அவரிடம் அனுமதி கேட்டு, சாப்பாட்டு நேரத்தில் இஞ்ச் டேப்போடு போய் அளந்தேன். மண்டி போட்டுச் சக்கரத்தை அளந்தேன், எட்டிக் குனிந்து முதுகை அளந்தேன். வாட்ச்மேன் சோற்றுத் தூக்கோடு வந்து நின்று வேடிக்கை பார்த்தார்.

“என்ன அண்ணாச்சி, காருக்குச் சட்டை தைக்கப் போறீகளா?”

“இல்லப்பா, சும்மா அளக்கேன்.”

“இடுப்பு கொஞ்சம் பெருசு பாருங்க. துணி கூடத்தான் எடுக்கணும்.”

ஒன்றரை வருஷம் பிடித்தது. முன் மூடிக்கு அட்டையை அடுக்கடுக்காக ஒட்டி உப்புத்தாளால் தேய்த்து உருட்டினேன். முன்பக்கத்துக் கம்பிகளுக்குச் சீப்பை உடைத்தேன். முன் விளக்குக்கு, என் வீட்டுக்காரி தின்கிற பிரஷர் மாத்திரை அட்டையின் பிளாஸ்டிக் குமிழி அச்சாகப் பொருந்தியது. அவள் மாத்திரை போட மறந்தால்கூட நான் ஞாபகப்படுத்துவேன். அவளும் ரொம்ப நாள் அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். நாலு கதவும் துணிக் கீலில் திறந்து மூடும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன் சக்கரம் திரும்பும். வீட்டுக்கு யார் வந்தாலும் தண்ணீர் கொடுக்கும் முன்னால் கதவைத் திறந்து காட்டிவிடுவேன்.

பக்கவாட்டுக் கண்ணாடி ஒட்ட வேண்டியதுதான் பாக்கி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதற்காகத்தான் ட்யூபை அமுக்கினேன். வலது கண் இமை மேலும் கீழும் ஒட்டிக்கொண்டது. நான் போட்ட சத்தத்தில் என் வீட்டுக்காரி அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள். தண்ணீர் ஊற்றினாள், முந்தானையால் ஒற்றினாள். இமை அசையவில்லை. மதுரையில் கண் ஆஸ்பத்திரிக்குப் போகப் பஸ் ஏறினோம்.

பஸ்ஸில் அவள் என் கண்ணின் மேல் கையை வைத்துக்கொண்டு, நாலு சீட்டுக்குக் கேட்கும்படி வேண்டினாள்.

“மாரியாத்தா! எந்தக் காரால இந்தக் கண்ணு மூடிச்சோ, அந்தக் காரையே கொண்டாந்து ஒன் காலடியில வச்சிர்றேன். என் புருசன் கண்ணைத் திறந்து விட்டுரு தாயி!”

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

“என்ன கார்மா அது?”

“அம்பாசிடர்.”

“வீட்டுல காரை வச்சுக்கிட்டா பஸ்ல வாரீக?”

நான் மிச்சம் இருந்த ஒற்றைக் கண்ணால் தரையைப் பார்த்துக்கொண்டேன். வலி ஒரு பக்கம், அவமானம் ஒரு பக்கம். இரண்டையும் தாண்டி இன்னொன்று சுருக்கென்று குத்தியது. ஒன்றரை வருஷ உழைப்பை ஒரு வார்த்தையில் தூக்கிக் கொடுத்துவிட்டாளே! என்னை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

இழுத்துப் பிய்க்கக் கூடாது, தானாக விட்டுவிடும் என்று சொல்லி டாக்டர் மருந்து போட்டு அனுப்பினார். நாலாம் நாள் காலையில் இமை விட்டது. கண்ணுக்குச் சேதம் இல்லை. கண் திறந்ததும் ஆத்தா படத்தைத்தான் பார்த்தேன் என்று எழுதத்தான் ஆசை. செவ்வாயும் வெள்ளியும் விளக்கேற்றாமல் பச்சைத் தண்ணீர் குடிக்காதவன் நான். ஆனால் நான் நேரே போய்ப் பார்த்தது, பசை காரின் மேல் சிந்தியிருக்கிறதா என்றுதான்.

எங்கள் ஊர்ப் பக்கம் மாரியம்மன் கோயில்களில் உருவம் வைப்பது வழக்கம். கால் வலி போனால் மண்ணால் செய்த கால், பிள்ளை பிறந்தால் மண் பிள்ளை. யாருக்கு எது குணமானதோ அது. வீடு வேண்டும் என்று கேட்டுச் சின்ன வீடு வைக்கிறவர்களும் உண்டு. எனக்கும் கண்ணுருவம் வைத்தால் போதாதா என்று மெல்லக் கேட்டுப் பார்த்தேன்.

“நேர்ந்தது காரு” என்றாள்.

“கண்ணை மூடுனது கார் இல்லையே, ட்யூபுல்ல?”

“அப்ப அந்த ட்யூபைக் கொண்டு போய் வைப்பமா? ஆத்தா ஒட்டிக்கிடட்டும்.”

பிறகு வேறு வழியில் போனேன். கண்ணாடி ஒட்டவில்லை, ஆத்தாவுக்குக் குறையோடு கொடுக்கலாமா என்றேன். கண்ணாடி ஒட்டியதும் பெயிண்ட் இன்னொரு கோட் வேண்டும் என்றேன். அடுத்து நம்பர் பிளேட். மூன்று மாதம் பக்தியைக் காட்டியே ஆத்தாவுக்குக் கொடுக்காமல் இழுத்தடித்தேன். அவளுக்கு ஒரு நாள் தலை சுற்றியது. எனக்கு மிஷினில் விரல் நசுங்கப் பார்த்துத் தப்பியது. ஒவ்வொன்றுக்கும் அவள் என்னைப் பார்த்தாள். எனக்கே உள்ளூர பயம்தான்.

பயந்தவன் காரைக் கொடுத்திருக்க வேண்டும். நான் இன்னொரு கார் செய்தேன்.

பழைய அளவெல்லாம் கைவசம் இருந்ததால் அவளுக்குத் தெரியாமல் பத்தே நாளில் முடித்தேன். கதவு தனியாக வெட்டவில்லை. கறுப்புப் பேனாவால் கோடு போட்டு விட்டேன். ஸ்டியரிங் இல்லை, உள்ளே சீட்டும் இல்லை. ஆத்தா என்ன, கதவைத் திறந்து ஏறியா உட்காரப்போகிறாள்? மேலே வெள்ளைப் பெயிண்ட் அடித்ததும், தூரத்தில் வைத்துப் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. கம்பெனியில் அச்சுக் கலர் நூலளவு தள்ளிப்போன ஷீட்டைக்கூட உருவி எறிந்துவிட்டு, “கஸ்டமருக்கு இது போகக் கூடாதுலே!” என்று கத்துகிற ஆள் நான்தான். சாமிக்கு மட்டும் இது போதும் என்று எனக்குத் தோன்றியது. இதை எழுதக் கூசுகிறது. ஆனால் தோன்றியது.

நல்ல காரைப் பீரோவுக்கு மேலே துணி போட்டு மூடினேன். மற்றதைப் புது மஞ்சள் துணியில் சுற்றிக் கட்டி, ஒரு செவ்வாய்க்கிழமை அவளோடு கோயிலுக்குப் புறப்பட்டேன். அவள் துணியை அவிழ்த்துப் பார்க்கவில்லை. மூன்று மாதம் கழித்தாவது மனசு வந்ததே என்ற சந்தோஷத்தில் தலை நிறையப் பூ வைத்திருந்தாள். எனக்கு விபூதி பூசி விட்டாள்.

வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒருவர் மண் காலோடு நின்றார். பூசாரி அதை வாங்கி வைத்துவிட்டு எங்களிடம் வந்தார். துணியை அவிழ்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

“அடேயப்பா! காரா! யார் செஞ்சது?”

“எங்க வீட்டுக்காரக கையால செஞ்சது சாமி!” என்றாள் அவள். இத்தனை வருஷத்தில் என் கார்களைப் பற்றி அவள் பெருமையாகப் பேசி நான் கேட்டதில்லை. “ஒன்றரை வருசம் ஆச்சு. கதவெல்லாம் திறக்கும். இங்கன பாருங்க.”

சொல்லிக்கொண்டே கதவு விளிம்பில் நகத்தை வைத்தாள். நகம் வழுக்கியது. மறுபடி வைத்தாள். பேனாக் கோட்டின் மேல் அவள் நகம் மேலும் கீழும் தேடியதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அந்த விரல் நின்றது. அவள் என்னைப் பார்க்கவில்லை. கையை மெதுவாக எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

பூசாரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பின்னால் வரிசை நெருக்கியது. எனக்கு வியர்த்து விபூதி வழிந்தது.

“சாமி, நேர்ந்த கார் வீட்டுல இருக்கு. இது வேற” என்றேன். “இதை எடுத்துக்கிடுறேன். அடுத்த செவ்வா அதைக் கொண்டாரேன்.”

“எடுக்கவா? ஆத்தா முன்னால கொண்டாந்து வச்சதைத் திருப்பி எடுத்துட்டுப் போவீகளா அண்ணாச்சி? இது இங்கனயே இருக்கட்டும். அதையும் கொண்டாங்க.”

ஒன்றைக் காப்பாற்ற நினைத்து இரண்டையும் விட்டேன்.

வீடு வந்து சேர்ந்தோம். செருப்பைக் கழற்றும்போதுதான் வாயைத் திறந்தாள்.

“ஆத்தாளும் ஒங்களுக்குப் பேனாவால கண்ணு வரைஞ்சு விட்டிருந்தா என்ன செய்வீக?”

பூஜை அலமாரிக்கு முன்னால் போய் நின்று தோப்புக்கரணம் போட்டேன். முட்டி வலியில் ஏழோடு நின்றுவிட்டது. அன்றைக்கு அதுவும் அரைகுறைதான்.

அந்த வாரம் முழுக்க வேலை விட்டு வந்ததும் காரின் நாலு கதவையும் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். அவள் தடுக்கவில்லை. திங்கள்கிழமை சாயங்காலம் தன் முந்தானையால் தூசி துடைத்துத் தந்தாள். மறுநாள் விடிந்ததும் போனோம். இந்த முறை துணி கட்டவில்லை. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

பூசாரி கதவைத் திறந்து பார்த்தார், ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்தார். திருநீறு பூசி, குங்குமம் வைத்து, நீங்களே வையுங்க என்று மேடையைக் காட்டினார். வைத்தேன். வைத்த பிறகு கை தானாகவே காரை வரிசைப் பக்கம் திருப்பியது. அந்த விளக்கையும் சீப்புக் கம்பியையும் நாலு பேர் பார்க்க வேண்டாமா?

“சாமியைப் பார்த்து வையுங்க அண்ணாச்சி” என்றார் பூசாரி.

திருப்பினேன். இப்போது முன்பக்கம் ஆத்தாவுக்கு. ஜனங்களுக்குத் தெரிந்தது டிக்கி. செய்யும்போது சுவர்ப் பக்கம்தானே இருக்கப்போகிறது என்று நான் மெனக்கெடாமல் விட்ட இடம். மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. பெயிண்ட் வழிந்து காய்ந்திருந்தது. ஒரே ஒரு நிமிஷம் உப்புத்தாள் கிடைத்தால் தேய்த்துவிடலாம் என்று மனசு கிடந்து தவித்தது. என் வீட்டுக்காரி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

கும்பிட்டுவிட்டு விலகினோம். எங்களுக்குப் பின்னால் வந்த ஓர் அம்மா, தாயில்பட்டிப் பக்கம் பட்டாசு வேலைக்குப் போகிறவர் போல விரல் நகமெல்லாம் வெள்ளி நிற மருந்து ஏறியிருந்தவர், அந்தக் கோணல் டிக்கியையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டு வாய்விட்டு வேண்டினார்.

“யாரு வச்சாகளோ, ஆத்தா, அவுக ஆசைப்பட்ட காரைச் சீக்கிரம் வாங்கிக் கொடுத்துரு தாயி.”

எனக்குச் சைக்கிளைத் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது என்று அவரிடம் சொல்லப் போனேன். என் வீட்டுக்காரி முழங்கையில் கிள்ளினாள். அவரோடு சேர்ந்து நானும் கையெடுத்துக் கும்பிட்டேன்.