ஐந்தடிப் பாதையில் எழுந்த சுவர்

“இது உன் அப்பன் வீட்டு நடை இல்லன்னு சொல்லு,” என்றாள் பூவம்மா.

தங்கம் துணிக்கடை வெள்ளைக்காரத் துரையிடம் ஆங்கிலத்தில் மெல்ல ஏதோ சொன்னாள்.

“மழை பேஞ்சா சனம் எங்க ஒதுங்கும், உன் தலை மேலயான்னு கேளு.”

தங்கம் இன்னும் சுருக்கமாகச் சொன்னாள். துரை புன்னகைத்துத் தலையசைத்துவிட்டு உள்ளே போனார்.

“என்ன சொல்றான்?”

“யோசிக்கிறாராம் அத்தை.”

“திட்டினதுக்கு எவனாச்சும் சிரிப்பானா?”

தங்கம் பக்கத்திலிருந்த தன் அலுவலகத்துக்கு நடந்தாள். ஜாலான் புசார் சாலையில் இருவரும் பக்கத்து வீட்டுக்காரர்கள்.

ஆற்றுக்கு அருகிலிருந்த அந்தச் சதுக்கத்தில், நடுவே புல்வெளி, நாலு பக்கமும் பழைய மாடிக் கட்டடங்கள். கட்டியவர்கள் எல்லோரும் வாசலில் ஐந்தடி விட்டு, தூண் நிறுத்தி, மேலே மாடியை இழுத்திருந்தார்கள். அந்த நிழலிலேயே தலை நனையாமல் சதுக்கத்தைச் சுற்றி வரலாம். ஜப்பான்காரன் சண்டையில் இடிந்த தூண்களைத் திரும்ப எழுப்பியபோது மணலும் சுண்ணாம்பும் சுமந்தவள் பூவம்மா. வேலை முடிந்ததும் அவற்றில் துணிக்கடை வாசலிலிருந்த ஒரு தூணடியிலேயே வடைக்கூடையோடு உட்கார்ந்துவிட்டாள். ஆயுத பூசையன்று மற்றவர்கள் அரிவாளுக்கும் தராசுக்கும் பொட்டு வைத்தார்கள். அவள் கூடைக்கு வைத்துவிட்டுத் தூணுக்கும் வைத்தாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் அந்தத் துணிக்கடை கண்ணாடி அலமாரி வைப்பதற்காகத் தூண்களுக்கு நடுவே செங்கல் அடுக்கத் தொடங்கியது; அதைத் தடுக்கத்தான் பூவம்மா தங்கத்தோடு துரையிடம் போனாள். துரை யோசித்து முடிப்பதற்குள் சுவர் இடுப்பளவு வந்துவிட்டது. அவள் பொட்டு வைத்த தூண் சுவருக்குள் போயிற்று. மழை கொட்டியபோது நடந்து வந்த சனமெல்லாம் சுவரில் முட்டி நின்று, தெருவில் இறங்கி, லாரிகளுக்கு நடுவே ஓடியது. இடம் போய்த் தெருவோரம் உட்கார்ந்த பூவம்மாவின் வடை கூழாயிற்று. கூடையைச் சாக்கடையில் கவிழ்த்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை; பல்லைக் கடித்ததில் தாடைதான் வலித்தது.

மறுநாள் காலை துரையின் கார் வந்து நின்றது. பூவம்மா தங்கத்தின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“அன்னிக்கு நீ பேசினதுல ரெண்டு தரம் ப்ளீஸ் வந்துச்சு. எனக்கு இங்கிலீஷ் தெரியாது, அந்த ஒரு வார்த்தை தெரியும் லா. நான் எங்க ப்ளீஸ் சொன்னேன்?”

“மரியாதையா கேட்டா செய்வாருன்னு நெனச்சேன் அத்தை.”

“செஞ்சானா?”

தங்கம் சுவரைப் பார்த்தாள்.

“பேசப் போறது நான். நீ வாயை மட்டும் குடு. நான் திட்டுறதை இந்தத் தடவை திட்டாவே சொல்லு, தாயி.”