புள்ளி மறைந்த முட்டைகள்

முட்டைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் தோகியேவுக்குப் பொழுது போவதே தெரியாது. ஒவ்வொரு காடையும் தான் இடும் முட்டையிலெல்லாம் தனக்கே உரிய ஒரே மாதிரிப் புள்ளிதான் வைக்கும். ஒன்றில் தீவுக் கூட்டம், ஒன்றில் மழைமேகம். மிகாவா விரிகுடாவில் சிப்பி பொறுக்கி வளர்ந்தவள், தொயோஹாஷியின் உட்புறத்தில் இருந்த இந்தக் காடைப் பண்ணைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது கடலைப் பிரிந்த ஏக்கத்தில் அழுதாள். பிறகு, அரைத்த சிப்பியைத் தின்றுதானே காடைகள் ஓடு கட்டுகின்றன, ஆகவே கடல் இங்கேயும் இருக்கிறது என்று அவளாகவே தீர்மானித்துக்கொண்டாள். மனசைத் தேற்ற அவளுக்குச் சொல்லியா தர வேண்டும்!

தீவனம் கலப்பது கணவர் மினேயோவின் வேலை. விடியலில் சிப்பித்தூள், தாது உப்பு, வைட்டமின் பொடி எல்லாம் கொட்டிப் புரட்டியபடி ஒரு படகுப் பாட்டைப் பாடுவார். சுருதி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். அதைக் கேட்டுத்தான் அவள் கண் விழிப்பாள்.

இலையுதிர்காலத்தில் ஒருநாள் அவர் சொன்னார். "முதுகு விட்டுப்போச்சு தோகியே. எல்லாத்தையும் வித்துட்டு நகோயாவுல மகன்கிட்ட போயிடலாம்."

"நீங்க போங்க. நான் வரல."

அதோடு பேச்சு நின்றது. பாட்டும் நின்றது. மனம் விட்டுப்போன மனுஷன் கலவையை மட்டும் ஒழுங்காகக் கலப்பாரா? வாயில்லா ஜீவன்களைக் கைவிட்டுவிட்டாரே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மத்தியானம் அவர் கண்ணயர்ந்ததும் கொட்டகைக்குப் போய்ச் சிப்பித்தூளைத் தாராளமாகத் தூவுவாள். குட்டி அலகுகள் கொத்தும் சத்தம் கடலில் தூறல் விழுவதுபோல் கேட்க, மயங்கி நிற்பாள்.

முட்டைகள் வெளுக்கத் தொடங்கின. மாவு பூசினாற்போன்ற வெள்ளையில் தீவுகள் மறைந்தன, மேகங்கள் மறைந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் தட்டுத் தட்டாகப் புரட்டி ஒரு புள்ளியாவது தெரிகிறதா என்று தேடினாள்.

ஒரு காலையில் சோபா நூடுல்ஸ் கடைக்காரர் குசே முட்டைத் தட்டோடு வந்து நின்றார்.

"அக்கா, இது முட்டையா, சுண்ணாம்புக் கட்டியா? கத்தரியால மேல்ஓட்ட வெட்டினா பொலபொலன்னு உதிருது. நூடுல்ஸ் சாறுல பச்சையா ஊத்தினா, மண்ணுன்னு சாப்பிடறவங்க துப்புறாங்க. சிப்பித்தூள் அதிகமானா இப்படித்தான் ஆகும்னு எங்கப்பா சொல்வார். யாரு கலக்கறது?"

"நான்தான்" என்றார் மினேயோ.

"நான்தான்" என்றாள் தோகியேவும், அதே மூச்சில்.

குசே இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "வீட்டுக்குள்ள பேசிக்கிட்டா வாய் தேஞ்சிடுமா?" என்று சொல்லிவிட்டுத் தேநீருக்குக்கூட நிற்காமல் நழுவினார்.

"தினமும் கலந்தீங்களா?" என்று கேட்டாள் தோகியே.

"பின்ன? விக்கறேன்னு சொன்னா, பட்டினி போடறேன்னு அர்த்தமா?"

"பாட்டே கேக்கலையே..."

"நீ பேசாதப்போ எனக்குப் பாட்டு எங்கேருந்து வரும்?"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் ஒரு முட்டையை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்தார். வெள்ளை போகவில்லை. "வாங்கறவனும் இப்படி இஷ்டத்துக்குக் கொட்டினா பாவம் இதுங்க" என்று முணுமுணுத்தார். "விக்க வேணாம், இருக்கட்டும். முதுகு என்னோடதுதானே."

மறுநாள் விடியலில் மூடுபனி சன்னல்வரை வந்திருந்தது. பாட்டு கேட்டது, அதே ஒட்டாத சுருதியில். தோகியே படுத்துக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு ஓடி, தீவன மூட்டையின் மறுமுனையைப் பிடித்தாள்.