தகர டின் பாட்டுக்கு எஃப்.ஐ.ஆர்.

எண்பதுகளில் திண்டிவனத்தில் ஒரு காவல் நிலையத்தில் ரைட்டராக இருந்தேன். சாராயக் கடையை ஏலம் விட்டது அரசாங்கம். குடிக்காதே என்று சுவரில் எழுதியதும் அதே அரசாங்கம்தான். இரண்டுக்கும் நாங்களே பந்தோபஸ்து.

ஒரு நாள் காலை ஆரோக்கியத்தைப் பிடித்து வந்தார்கள். மார்க்கெட்டில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை தூக்குகிறவன். தண்டவாளத்து ஓரம் குடிசை. சாராயக் கடை எதிரில் தகர டின்னைத் தட்டிக்கொண்டு, பாட்டும் பேச்சுமாகப் பொரிந்து தள்ளியிருக்கிறான். இப்போது அதை ராப் என்கிறார்கள். அன்று எங்களிடம் அதற்கு இருந்த பெயர், பொது அமைதிக்குப் பங்கம்.

புகார் சொல்ல வந்தவர் கடையை ஏலம் எடுத்த கான்ட்ராக்டர்.

"ஒரே பேஜாரு சார். விழுப்புரத்துக்கு ரிமாண்டுக்கு அனுப்புங்க" என்றார். புது எஸ்.ஐ. தலையாட்டினார்.

வாசலில் ஆரோக்கியத்தின் மனைவி கைக்குழந்தையோடு நின்றாள். "இப்பதான் குடிய வுட்டாருங்க. உள்ள போய்ட்டா எங்களுக்குக் கூழுகூட இல்லீங்கய்யா."

"என்னடா பாடினே?" என்றேன். என் மேஜையிலேயே தாளம் தட்டினான்.

"மூட்ட தூக்கி வந்த கூலி மூணு கிளாசு ஆச்சு,
வூட்டுப் பானை கேப்பைக் கூழு வாசங்கூடப் போச்சு.
பாதித் தண்ணி கலக்கிக்கினு கார்ல ஒருத்தன் போறான்,
பச்சைக்கல்லு மோதரத்தக் காட்டிக்கினு சிரிக்கிறான்."

லாக்கப்பிலிருந்த பிக்பாக்கெட் கைதட்டினான்.

"யாரு பேரும் சொல்லலீங்களே ஐயா" என்றான் ஆரோக்கியம்.

"டேய், அது நான்தான்னு ஊருக்கே தெரியும்டா!" என்று கத்தினார் கான்ட்ராக்டர்.

பேனாவைத் திறந்தேன். "நல்லதுங்க. யாரப் பத்திப் பாடினான்னு புகார்ல இருக்கணும். 'பாதித் தண்ணி கலக்குறவன்னு பாடினது என்னைத்தான்'னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. கலப்படம்னு வந்துட்டா, சரக்கைச் சோதிக்க மேல எழுதணும். அதையும் நானே எழுதிடுறேன்."

கான்ட்ராக்டரின் பச்சைக்கல் மோதிரக் கை சட்டைப் பைக்குள் ஒளிந்தது. "பொதுவா பாடியிருப்பான் ரைட்டரே."

"அப்ப யாரு மேல கேஸு போட?"

"வுடுங்க. எனக்கு ஜல்தியா போவணும்."

கார் கிளம்பிய பிறகு எஸ்.ஐ. என்னைப் பார்த்தார். "அவனை அனுப்பிடுங்க" என்றார். பேனாவை மூடினேன்.

வாசலில் ஆரோக்கியத்தை அவன் மனைவி பிடித்துக்கொண்டாள். "வாய வச்சிக்கினு சும்மா இருக்க மாட்டியாய்யா?"

"சும்மா இருந்தப்பதான்டி குடிச்சேன்."

ரைட்டர் வேலைக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். எந்த விதி ஒருவனை உள்ளே தள்ளும் என்று தேடுவதற்கு முன், எது அவனை வெளியே விடும் என்றும் பாருங்கள். இரண்டும் ஒரே புத்தகத்தில்தான் இருக்கின்றன.